ஹூ சத்தத்துக்கு வராத பிள்ளை

சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் என் தம்பி அறைகளைத் துப்புரவு செய்கிறான். வெள்ளைக்காரர்கள் போகும்போது எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். பாதி தீர்ந்த கிரீம் குப்பி, ஒற்றைச் செருப்பு, புத்தகம். மற்றதெல்லாம் குப்பைக்குப் போகும், புத்தகம் மட்டும் மாத்தளை டவுனையொட்டிய அலுவிகாரைக்கு, எங்கள் வீட்டுக்கு வரும். தன் மருமகள், என் மகள், இங்கிலீஷில் வெளுத்து வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த ஃபேரிப் புத்தகமும் அப்படித்தான் வந்தது. நீச்சல் தடாகத்தில் விழுந்து எழும்பியிருக்க வேண்டும், தாளெல்லாம் ஊதி, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்து, மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனாள். நான் கடையில் மிளகும் கராம்பும் நிறுத்துப் போட்டுவிட்டுக் களைத்து வந்து வெங்காயம் உரித்தால், பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கிவிடுவாள். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது. அந்தக் கதை முழுவதும் வெங்காய வாசனையோடு காதால் கேட்டதுதான்.

"தேவதைக் கதையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தேவதை இல்லம்மா, ஃபேரி. தேவதைன்னா நல்லவங்க. இவங்க நல்லவங்க இல்ல."

கதையில் ஒரு பெண் வருகிறாள். அவளுடைய தங்கையை ஃபேரிகள் காட்டுக்குள் கொண்டுபோய்விடுகின்றன. தேடிப்போகிறாள். அந்தக் காட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் அழகு, எல்லாரும் பொல்லாதவர்கள். அதில் ஒரு பச்சைக் கண்ணுக்காரன் இருந்தான், அவனைப் பற்றிச் சொல்லும்போது என் மகளின் குரல் கொஞ்சம் இறங்கும். நான் சிரிக்காமல் உரித்துக்கொண்டிருப்பேன். அந்தக் காட்டுக்குச் சட்டங்களும் உண்டு. அவர்கள் தருவதைச் சாப்பிடக்கூடாது. பேர் சொல்லாமல் யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது.

"ஏன்னா ஃபேரிங்களுக்கு நம்ம பேர் தெரியாதும்மா. அதனால சும்மா சத்தம் போடுவாங்க. இல்லன்னா மகளே, செல்லமேன்னு இனிப்பா கூப்பிடுவாங்க. போனோம்னா சரி, அதோட முடிஞ்சிச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டா மட்டுந்தான் மனுசங்க."

"நம்ம ஊரு மோகினியே பரவாயில்ல, சுண்ணாம்பு கேட்டுட்டுப் போயிருவா," என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

என் கணவர் யாழ்ப்பாணத்தவர். வயலுக்குத் தண்ணீர் விடுகிற அரசாங்கக் கந்தோரில் வேலை, அந்த வருடங்களில் லக்கலவில் இருந்தார். கிழமை நாட்களில் அங்கே குவாட்டர்ஸில் தனிச் சமையல், சனிக்கிழமை பஸ் கிடைத்தால் வீடு. ஓகஸ்ட் விடுமுறைக்கு நாங்கள் இரண்டு பேரும் அங்கே போனோம். குவாட்டர்ஸின் பின்பக்கம் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காடு. மழை இல்லாத மாதம். குளத்தில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டதால் யானைகள் வெயில் சாயும்போதே வந்துவிடும் என்று சொன்னார்கள். மகள் ஜன்னலடியில் உட்கார்ந்து காட்டையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் காணியில் ஒரு சிங்கள விவசாயி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். வயலும் செய்தார், காட்டோரம் மரம் வெட்டி எரித்துச் சேனைப் பயிரும் செய்தார். நாங்கள் வந்த அன்றைக்கே கௌபிப் பயறும் குரக்கன் மாவும் கொண்டுவந்து வைத்துவிட்டு, திண்ணையும் இல்லாத அந்த வாசலில் நின்றபடியே வெற்றிலை போட்டுவிட்டுப் போனார். அந்திக்குக் கொஞ்சம் குடிப்பார், அதை மறைக்கவும் மாட்டார். குடித்துவிட்டு யாரையும் ஏசி நான் கேட்டதில்லை.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில் சண்டை வந்தது. மகள் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். விஞ்ஞானத்தில் அவள் எடுத்த புள்ளி என் கணவருக்கு ஏற்கனவே வயிற்றெரிச்சல்.

"சயன்ஸ் படிக்க நேரமில்லை, உந்தப் பேய்க்கதைக்கு நேரமிருக்கு. தா இஞ்ச!"

அவள் தரவில்லை. அவர் எட்டிப் பிடித்தார். ஊதிப்போன தாள் கிழியும் சத்தம் கேட்டது. அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கை கழுவாமல் வெளியே ஓடினாள். நான் எழும்பினேன்.

"விடும். பசிச்சா வருவா," என்றார்.

பக்கத்து விளாமரத்தடியில்தான் உம்மென்று இருப்பாள் என்று நினைத்தோம். தேநீர் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. வாய்க்கால் சேற்றில் அவளுடைய செருப்புத் தடம் இறங்கி, அந்தப் பக்கம் ஏறியிருந்தது. அதற்கு மேல் இலைச் சருகு. என் கையில் இருந்த கோப்பையை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

பக்கத்துக் காணிக்காரர்தான் ஊரைக் கூட்டினார். யானை வெடியும் கத்தியுமாகப் பத்துப் பதினைந்து ஆண்கள் வந்துவிட்டார்கள். காட்டு வாயில் ஒவ்வொருவரும் இலைக்கொப்பு ஒன்றை முறித்து, அங்கிருந்த மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். காட்டைக் காக்கிற தெய்வத்துக்கு, நாங்கள் ஐயனார் என்கிறோம், அவர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். நான் கோயிலுக்கு நேர்த்தி வைத்தால் கேலி செய்கிற என் கணவரும் ஒரு கொப்பை முறித்துத் தொங்கவிட்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

அங்கே ஆளைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எல்லாரும் இடைவெளி விட்டு ஒரே வரிசையாக நடப்பார்கள். இடது முனையில் நிற்கிறவர் 'ஹூ' என்று ஒரு குரல் விடுவார். அடுத்தவர் ஒன்று, அதற்கடுத்தவர் ஒன்று என்று அந்த ஹூ வலது முனை வரை போகும். பிறகு எல்லாரும் மூச்சுக் காட்டாமல் நின்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் நடப்பார்கள், மறுபடியும் இடது முனையிலிருந்து ஹூ. யார் எங்கே நிற்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும். யார் பெயரையும் சொல்லமாட்டார்கள். காட்டுக்குள் ஒரு பெயரைச் சொன்னால் காடு அதைப் பாடமாக்கிக்கொள்ளும், பிறகு தாயின் குரலில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உள்ளே எடுத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. குளத்துப் பக்கமான வலது முனைக்குப் போக யாரும் முந்தவில்லை. பக்கத்துக் காணிக்காரர் தானே போய் நின்றுகொண்டார்.

நானும் வருவேன் என்று அடம்பிடித்து, வரிசையின் நடுவில் கணவருக்குப் பக்கத்தில் நடந்தேன். ஹூ போனது, நின்றோம். ஹூ போனது, நின்றோம். வெளியே வெயில் இருந்திருக்கும், உள்ளே எல்லாம் மங்கல். ஆண் குரல்கள் அப்படி ஒன்றன்பின் ஒன்றாக மரங்களுக்குள் ஓடும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. வெங்காயம் உரித்துக்கொண்டு நான் கேட்ட கதை அந்த இடத்தில்தான் என் தலையில் இடித்தது. என் பிள்ளை மாத்தளை டவுனில் வளர்ந்தவள், இப்படி ஒரு சத்தத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. பேர் சொல்லாமல் கூப்பிடும் காடு ஒன்றை அவள் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். கதை பொய் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில், வெளிச்சத்தில் தெரியும்.

"என்னங்க, அவ இந்தச் சத்தத்துக்கு வரமாட்டா. ஒளிஞ்சிக்குவா. பேர் சொல்லிக் கூப்பிடணும்."

"இஞ்ச பாரும், பேர் சொல்லாதையும். சொன்னா இவங்கள் எல்லாரும் விட்டிட்டுப் போயிடுவாங்கள்."

"அவ படிக்கிற புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. சத்தம் போடுறது பேய்ங்க, பேர் சொல்றதுதான் மனுசன்."

"உந்தப் புத்தகத்தாலதான் இவ்வளவும்!"

"நீங்க புடுங்கினதாலதான் இவ்வளவும்!"

அடுத்தவர் எங்களைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். ஹூ எங்களிடம் வந்தது. என் கணவர் கையைக் குவித்து ஹூ விட்டார். பெற்ற தகப்பனின் குரல், மற்றவர்களின் குரலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க எனக்கே முடியவில்லை.

வெளிச்சம் இறங்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்ப வேண்டும் என்று யாரோ சொல்வது கேட்டது. திரும்புவதா? பிள்ளையை விட்டுவிட்டா? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊரும் தெரியவில்லை, சாமியும் தெரியவில்லை. தொண்டை கிழிய அவள் பெயரைக் கூப்பிட்டேன். ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு நின்று கேட்டிருக்கலாம், அது எனக்கு வரவில்லை. மூச்சு விடாமல் கூப்பிட்டேன். வீட்டில் கூப்பிடும் பெயர், பள்ளிக்கூடப் பெயர், குழந்தையில் கூப்பிட்ட பெயர், எல்லாம். ஆட்கள் சத்தம் போட்டார்கள். கணவர் என் கையைப் பிடித்தார், உதறிவிட்டேன். வரிசை குலைந்து ஆட்கள் எங்களை நோக்கி வந்தார்கள், சிலர் என் கணவர் சொன்னபடியே திரும்பி நடந்தார்கள்.

அவள் வந்தாள். வலது பக்கத்து மரங்களுக்குள்ளிருந்து, செருப்பில்லாமல், காலெல்லாம் முள் கிழித்து ஓடிவந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். புத்தகம் கையில் இல்லை.

"பேர் சொன்னீங்க, அதான் வந்தேன்," என்றாள்.

ஏசிக்கொண்டிருந்த ஆண்கள் அவளைச் சுற்றிக் கூடினார்கள். ஒருவர் தன் சாரத்துக்கு மேல் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிள்ளைக்குப் போர்த்தினார். வெளியேறுமுன் ஆட்களை எண்ணிப் பார்க்க, மிச்சமிருந்தவர்கள் மறுபடியும் வரிசையாகி, இடது முனையிலிருந்து கடைசித் தடவையாக ஹூ விட்டார்கள். அது ஒவ்வொருவராக எங்களைத் தாண்டி வலப்பக்கம் போனது. கடைசி ஆளின், பக்கத்துக் காணிக்காரரின், ஹூ வரவில்லை. மறுபடியும் விட்டார்கள். வரவில்லை. அப்போது குளத்துப் பக்கம் பெரிய கிளையொன்று முறிகிற சத்தம் கேட்டது. யானை வெடியைக் கொளுத்திக்கொண்டு ஆண்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள், என்னையும் பிள்ளையையும் இரண்டு பேர் வெளியே கூட்டிவந்தார்கள்.

அவரைக் குளத்துக் கரைக்குச் சற்று உள்ளே கண்டார்கள். யானை அடித்திருந்தது, உயிர் இருக்கவில்லை. அவர் இருக்க வேண்டிய வரிசையிலிருந்து அது நன்றாக உள்ளே, தனியாக இருந்தது. என் கணவரும் தூக்கி வந்தவர்களில் ஒருவர். வந்து சட்டையைக் கழற்றி வாய்க்காலில் போட்டுவிட்டு, அதைத் துவைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு கதை எழும்பியது. மனிதன் போதையில் இருந்தானாம், அதனால்தான் வரிசையை விட்டு விலகினானாம். வேறெதற்கு ஒருவன் அந்த நேரத்தில் தனியாக அவ்வளவு உள்ளே போவான் என்று கேட்டார்கள். செத்த வீட்டிலேயே, அவருடைய சொந்தத் தம்பி அப்படிச் சொன்னதை என் காதால் கேட்டேன். மனைவி சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடி, "அவர் அன்றைக்குத் தொடவே இல்லை," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். புருசனை விட்டுக்கொடுக்காத மனைவியின் பேச்சு என்று நினைத்து யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நான் பெயர் சொல்லிக் கத்தியதை ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. போதை என்ற அந்தப் பேச்சு எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது. என் கணவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் மறுபடியும் கூப்பிடுவேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் தங்கள் பிள்ளையை அந்தக் காட்டில் விட்டுப் பார்க்கட்டும். இதை நான் பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், யாரும் கேட்காதபோதும்.

மகளுக்குக் காய்ச்சல் வந்தது. குவாட்டர்ஸ் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கஞ்சி கொடுத்தால் இரண்டு கரண்டி குடிப்பாள். காய்ச்சல் விட்ட காலையில் கேட்டாள்.

"அம்மா, அந்த மாமா குடிச்சிருந்தாருன்னு சொல்றாங்களே, உண்மையா?"

"யாருக்குத் தெரியும்? நீ அதெல்லாம் நினைக்காத."

அவள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் போர்வையை இழுத்து விட்டேன்.

பிக்குமாருக்குச் சாப்பாடு கொடுக்கும் ஏழாம் நாள் தானத்துக்கு அவளைக் கூட்டிப்போக எனக்கு விருப்பமே இல்லை. அவள் தானாகவே வெள்ளைப் பாவாடையை உடுத்துக்கொண்டு வந்து நின்றாள். சீனியும் தேயிலையும் பிஸ்கட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் போனோம். பிக்குமார் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். ஊர்ச்சனம் பாயில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. செத்தவரின் மனைவி வாசலுக்கு வந்து பையை வாங்கி, எங்களை உட்காரச் சொன்னாள். அவள் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மகள் உட்காரவில்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி, கையை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள்.

"நான் கல்லுக்கு அடியில் ஒளிந்திருந்தேன். அந்த மாமா பக்கத்தில் வந்தார். ஹூ என்று மெதுவாகச் சொன்னார். நான் அசைந்தது அவருக்குக் கேட்டுவிட்டது. நின்று, 'துவே, பயப்படாதே, வா துவே' என்று கூப்பிட்டார்."

துவே என்றால் மகளே. எழும்பி அவள் வாயைப் பொத்த நினைத்தேன், கணவர் என் முழங்காலில் கை வைத்து அழுத்தினார்.

"பேர் சொல்லாததால் எனக்குப் பயம் வந்தது. நான் மற்றப் பக்கத்தால் ஓடினேன். அவர் என் பின்னால் வந்தார். நில், அந்தப் பக்கம் போகாதே என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நான் நிற்கவில்லை, குளத்துப் பக்கம் ஓடினேன். அப்போது அம்மாவின் குரல் கேட்டது. நான் திரும்பி அம்மாவிடம் ஓடினேன். அவர் திரும்பினாரா என்று நான் பார்க்கவில்லை."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பெண் பிள்ளைக்குக் கிட்ட வந்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடித்தால் தடுக்கக்கூடாது என்றும் நினைத்தேன்.

"மாமா ஒழுங்காக நடந்தாரா? தள்ளாடினாரா?" என்று கேட்டாள்.

"ஒழுங்காக நடந்தார். வெற்றிலை வாசம் மட்டுந்தான் வந்தது."

"அப்படியென்றால் அவர் உன்னைக் கண்டுபிடித்துவிட்டார்."

"ஆமாம்."

அந்தப் பெண் திரும்பி, பாயில் இருந்த கணவனின் தம்பியைப் பார்த்தாள். "கேட்டுக்கொள். அவர்தான் பிள்ளையைக் கண்டுபிடித்தார்," என்றாள். அவன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பிறகு அவள் என் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப்போனாள். அங்கே சமைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு முன்னால் நிறுத்தி, "இவர்களுக்கும் சொல், துவே," என்றாள்.

மகள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். கல்லுக்கடியில் இருந்தேன், அவர் கூப்பிட்டார், நான் ஓடினேன். வெளியே வந்தார்கள். அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கிழவர் ஒருவருக்கும் சொல்ல வைத்தாள். வெயிலேற வெயிலேற ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் பிள்ளை சொன்னாள். அந்தப் பெண் அவள் மணிக்கட்டை விடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் தானும் புதிதாகக் கேட்பவள் மாதிரி வாயைத் திறந்து கேட்டாள்.

என் மகளின் குரல் கம்மிப்போனது, உதடு காய்ந்துபோனது. போதும், விடுங்கள் என்று சொல்லி அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று எனக்குத் துடித்தது. ஒரு தடவை எழும்பியும் விட்டேன். அவள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அடுத்து வந்தவரிடம் திரும்பி, "அவர் குடித்திருக்கவில்லை. என்னைக் கண்டுபிடித்தார். நான்தான் ஓடினேன்," என்றாள்.